பத்து மில்லி

இடப்பக்கக் கதவு
மூடப் போய், பாதியில் மனம் மாறி,
மூன்று முறை கத்திவிட்டுத் திறந்துகொள்கிறது.
பள்ளி வாசலில், காலை ஏழு பத்துக்கு.
பின்னால் எட்டு கார்கள்.
மூத்தவள் முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறாள்,
யாரோ வீட்டு வேன் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு.
நடுவில் உள்ளவன் கதவோடு சேர்ந்து
பீப் பீப் பீப் என்கிறான்.

சின் மிங்கில் அறுநூற்றைம்பது வெள்ளி கேட்டார்கள்.
மோட்டாரையே மாற்ற வேண்டுமாம்.
தனபாலன் கைபேசியை எடுத்தான்.
சிஓஇ முடியப் பதினோரு மாதம்.
வகுத்துப் பார்த்து,
"மாசம் ஐம்பத்தொன்பது, ஒரு கதவுக்கு" என்றான்.
"கயிறு போட்டுக் கட்டிடு.
பிள்ளைங்க வலப்பக்கம் இறங்கட்டும்."

வலப்பக்கம் சாலை, தனா.

மோட்டார் இல்லை, உருளை.
மூன்று இரவு காணொளி பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
யாரோ ஒரு தாய்லாந்துக்காரர்,
முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டி
ஒரு சொல்லும் புரியாத மொழியில்
எல்லாவற்றையும் புரியவைத்தார்.
ஓரிடத்தில் மட்டும் ஏன் அப்படிச் சிரித்தார்
என்று தெரியவில்லை.

உருளை பதினெட்டு வெள்ளி.
பெட்டிமேல் அச்சடித்திருந்தது:
ஒரு லட்சம் முறை திறந்து மூடலாம்.
பதினோரு மாதத்தில் எத்தனை முறை திறப்போம்?
அந்தக் கணக்கை நான் போடவில்லை.
வீட்டில் கணக்குப் போட ஒருவர் போதும்.

யீஷூன், அடுக்குமாடி வாகன நிறுத்தம், ஐந்தாம் தளம்.
தூணில் நான்கு மொழிகளில் எச்சரிக்கை.
தமிழில் மட்டும்
'இங்கு வாகனம் பழுது பர்க்கக் கூடது'.
பழுது பர்ப்பது என்னவோ, எனக்குத் தெரியாது.
இரவு பத்தரைக்கு
பழுது பார்க்க ஆரம்பித்தேன்.

பகலில் பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை.
குறுகிய இடத்தில் வெளிச்சம் பிடிப்பதும்
நோண்டுவதும் கைக்குப் பழக்கம்.
நாளெல்லாம் வாயைத் திறங்க, வாயைத் திறங்க.
இங்கே மூட மாட்டேன் என்கிற வாய்.

உள்பலகையின் கிளிப்புகளில் மூன்றாவது உடைந்தது.
தண்டவாளத்தில் தார்போல இறுகிய கிரீஸ்,
அதற்குள் கடல்மணல், ஒரு பாவாடை ஜிகினா,
உருகி உறைந்த ஊதா கிரேயான்.
பழைய உருளை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து
சாய்ந்து நடக்கிறவர் செருப்புபோல இருந்தது.
கையில் வைத்துப் பார்த்தேன்.
பாவம், இதுவா அறுநூற்றைம்பது.

பக்கத்து இடத்து ரொஸ்னா
விமான நிலைய வேலை முடிந்து வந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
முன்விளக்கை என் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு
காருக்குள்ளேயே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள்.
அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்கு வெளிச்சம்.

கடைசி ஆணி இறுகும் நேரம்
பத்து மில்லி சாக்கெட் விரலை விட்டு நழுவியது.
கதவின் வயிற்றுக்குள்
டங். டிங்.
பிறகு சத்தமே இல்லை.

தாய்லாந்துக்காரர் ஏன் சிரித்தார் என்று
அப்போது புரிந்தது.

காந்தம் விட்டுப் பார்த்தேன். கம்பி விட்டுப் பார்த்தேன்.
கதவைத் தட்டிக் கெஞ்சியும் பார்த்தேன்.
மீதியைக் குறடால் முடுக்கினேன்.
பன்னிரண்டு நாற்பதுக்குப் பொத்தானை அழுத்தினால்
வழுக்கி வந்து, தயங்காமல்,
'ளக்' என்று மூடியது.
நம்பாமல் இன்னும் நாலு தடவை.
லட்சத்தில் ஐந்து போயிற்று.

காலையில் மூத்தவள் பழக்கத்தில் முதுகைக் கொடுத்தாள்,
கதவு அவளுக்காகக் காத்திருக்கவில்லை.
தடுமாறி, என்னைப் பார்த்து முறைத்தாள்.
நடுவில் உள்ளவனுக்கு ஏமாற்றம்,
தனியாகவே மூன்று பீப் சொல்லி முடித்தான்.

ஐந்து தளம் இறங்கி வரும் சரிவில்
வளைவுக்கு வளைவு
கதவுக்குள் ஏதோ உருண்டது.

"என்ன சத்தம் அது?" என்றான் தனபாலன்,
கை கைபேசிக்குப் போனது.

"என்னுடையது" என்றேன்.